வங்கி எடுத்த கட்டணமே லிமிட்டைத் தாண்ட வைத்தால்?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும், கூலிக்கு இரண்டு பேரும் வேலை செய்கிறோம். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வங்கியில் ₹4 லட்சம் ஓவர் டிராஃப்ட் (அந்த லிமிட் வரை வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் கடன்) வாங்கியிருக்கிறேன். 2024 செப்டம்பரிலிருந்து, வட்டி போக, ₹28,438 கட்டணமாகப் பிடித்திருக்கிறார்கள். கேட்டால், "சிஸ்டம் தானாகப் பிடிக்கிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்கிறார் மேலாளர். லண்டனில் இருக்கும் அக்கா மகன், அங்கே ஒரு கடிதம் போட்டால் இந்தப் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்கிறான். மனைவியின் சேமிப்புக் கணக்கிலும் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று பிடித்துப் பிடித்து, இருப்பு மைனஸ் ₹1,416 ஆகிவிட்டது. முழுத் தொகைக்கும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

பதில்: முழுத் தொகைக்கும் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய கணக்கு அறிக்கையையும் சாங்ஷன் லெட்டரையும் (கடன் அனுமதிக் கடிதம்) பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தேன். ₹28,438இல் பாதி, நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட புதுப்பித்தல் கட்டணம்: ₹7,080 வீதம் இரண்டு முறை, ₹14,160. சாங்ஷன் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில், நாம் யாரும் படிக்காத பொடி எழுத்தில், "₹6,000 மற்றும் வரி" என்று இருக்கிறது. அதையும் சேர்த்துக் கேட்டால் வங்கியின் வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை மட்டும் நீட்டுவார். மற்ற நியாயமும் அதோடு அடிபட்டுப்போகும்.

வட்டி குட்டி போடும் என்பது ஊரறிந்தது. உங்கள் கணக்கில் கட்டணமும் குட்டி போட்டிருக்கிறது. தாயை விட்டுவிடுங்கள், குட்டிகளைப் பிடியுங்கள்.

2024 செப்டம்பர் 30ஆம் தேதியைப் பாருங்கள். அந்த மாத வட்டியும் சேர்ந்து உங்கள் பாக்கி ₹3,97,500. லிமிட்டுக்குள் இன்னும் ₹2,500 இருந்தது. அன்றிரவு வங்கி ₹7,080 புதுப்பித்தல் கட்டணத்தை எடுத்தது. பாக்கி ₹4,04,580. பட்டறையில் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோதே ₹4,580 லிமிட்டைத் தாண்டியாகிவிட்டது. மறுநாள், கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு நீங்கள் கொடுத்திருந்த ₹2,400 செக் வந்தது. முந்தைய நாள் வந்திருந்தால் அது பாஸாகியிருக்கும். "பணம் போதவில்லை" என்று திருப்பி அனுப்பி, அதற்கு ₹590 கட்டணம் போட்டிருக்கிறார்கள். அந்த மாதமே "பீனல் இன்ட்", அதாவது தண்ட வட்டி, என்று ₹675, அதன்மேல் ஜிஎஸ்டி. மேலாளர் சொல்லும் சிஸ்டம் உங்கள் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, வங்கிதான் போட்டது. பதில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

அந்த ₹675 எங்கிருந்து வந்தது என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கணக்குப் போட்டேன். ₹4,05,000க்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் ₹8,100. பன்னிரண்டால் வகுத்தால் ₹675. அதாவது தாண்டிய ₹4,580க்கு அல்ல, கடன் முழுவதற்கும் அபராதம் போட்டிருக்கிறார்கள். தாண்டிய தொகைக்கு மட்டும் அதே 2 சதவீதம் என்றால் மாதம் எட்டு ரூபாய்கூட வராது. இன்னும் மோசம், 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை பன்னிரண்டு மாதமும் அதே ₹675. நடுவில் நீங்கள் பணம் கட்டி மாதம் முழுக்க லிமிட்டுக்குள் இருந்த ஐந்து மாதங்களும் இதில் அடக்கம்.

இங்கே சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. கடன் நிபந்தனையை மீறினால் வங்கி "தண்டக் கட்டணம்" வாங்கலாம். வட்டி விகிதத்தோடு கூட்டித் "தண்ட வட்டி" வாங்கக் கூடாது. அந்தக் கட்டணம் மீறலின் அளவுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய கடன்களையும் 2024 ஜூன் 30க்குள் இந்த முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். உங்கள் பிடித்தங்கள் அதற்குப் பிறகு வந்தவை. தண்ட வட்டியை அசலாக்கி வட்டிமேல் வட்டி வாங்கக் கூடாது என்று, சென்ட்ரல் பாங்க் எதிர் ரவீந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2001இலேயே சொல்லிவிட்டது.

ஜிஎஸ்டி விஷயம் பலருக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகள் வாங்கும் தண்டக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஜனவரி 28 அன்று விளக்கம் கொடுத்துவிட்டது. உங்களிடம் ₹8,100க்கு 18 சதவீதம், ₹1,458 வாங்கியிருக்கிறார்கள். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கு இருப்புக் கணக்கு) தாமதத்துக்கு இரண்டு முறை ₹1,180 வாங்கியதிலும் ₹360 ஜிஎஸ்டி. தாமதம் உங்களுடையது, அதை நான் மறுக்க மாட்டேன். அந்த ₹360ஐ மட்டும் கேளுங்கள்.

செக் திரும்பிய கட்டணத்தை, வாடிக்கையாளர்மேல் தவறு இருந்தால்தான் வாங்கலாம் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. நான்கு செக்குகளில் மூன்று, வங்கி தன் கட்டணத்தை எடுத்த மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்பியவை. நான்காவது, 2025 ஜூனில் போனது, உங்கள் தவறு. வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் கொள்முதலுக்கு இழுத்திருக்கிறீர்கள். அந்த ₹590ஐ மறந்துவிடுங்கள்.

கூட்டினால், மூன்று செக்குக்கு ₹1,770, தண்ட வட்டியும் வரியுமாக ₹9,558, அந்த ₹360. மொத்தம் ₹11,688, இவற்றின்மேல் ஏறிய வட்டியும். லிமிட்டை நீங்கள் உண்மையாகவே தாண்டிய ஏழு மாதங்களுக்கு ஏதோ ஒரு நியாயமான கட்டணம் நிற்கும் என்று இறுதியில் முடிவாகலாம். ஆனால் அது எவ்வளவு, எந்த அடிப்படையில் என்று சொல்ல வேண்டியது வங்கி. நீங்களாகக் குறைத்துக் கேட்காதீர்கள்.

அக்கா மகன் சொன்னது பாதி உண்மை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கடிதம் போட்டவர்களுக்கு வங்கிகள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. பிறகு அங்கே நுகர்வோருக்காக இருந்த அரசு அமைப்பான நியாய வணிக அலுவலகத்துக்கும் எட்டு நிதி நிறுவனங்களுக்கும் நடந்த வழக்கில், 2009 நவம்பர் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், லிமிட்டைத் தாண்டியதற்கான இந்தக் கட்டணங்கள் சேவையின் விலையில் ஒரு பகுதி, விலை நியாயமா என்று அந்த அலுவலகம் நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்கீழ் ஆராய முடியாது என்று வங்கிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2020 ஏப்ரலில் அங்கே விதிகளையே மாற்றினார்கள். எப்படியானாலும் அந்த ஊர் மாதிரிக் கடிதத்தை இங்கே கொண்டுவந்து கொடுத்தால், கிளையில் டீ குடித்துக்கொண்டே சிரிப்பார்கள்.

உங்கள் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். கோபம் வேண்டாம், அடைமொழி வேண்டாம். தேதி, தொகை, அறிக்கையில் அந்த வரி எப்படி இருக்கிறது, எந்த விதிப்படி தவறு, இவ்வளவு போதும். லிமிட்டுக்குள் இருந்த ஐந்து மாதங்களை முதலில் வையுங்கள். அதற்கு அவர்களால் பதில் எழுதவே முடியாது. கிளையில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைந்துவிட்டது). வாய்வார்த்தையாக மேலாளரிடம் சொன்ன பத்து முறையும் சட்டத்தின் கண்ணில் நடக்காதவை.

முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். நாள் கடத்தாதீர்கள். பாதிக்கப்பட்டவர் நானாக இல்லாதவரை வழக்கறிஞர் என்ற முறையில் உங்களுக்காக அந்தப் புகாரை நான் கொடுக்க முடியாது, 2021ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். உங்கள் பெயரில் நீங்களேதான் கொடுக்க வேண்டும். அங்கே "வட்டி விகிதம் அதிகம்" என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள்.

நுகர்வோர் ஆணையம் (இப்போது அதற்கு இதுதான் பெயர்) அடுத்த படி. அங்கே முதல் கேள்வியே, நீங்கள் நுகர்வோரா என்பதுதான். பங்குத் தரகர் ஒருவர் ஓவர் டிராஃப்ட் பற்றித் தொடுத்த வழக்கில், வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் அவரைத் திருப்பி அனுப்பியது. உங்கள் வங்கி அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்கொண்டு வரும். ஆனால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(7) பிரிவில் ஒரு விளக்கம் உண்டு: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. அதில் பொருள் என்றுதான் இருக்கிறது, சேவைக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று நாம் வாதாட வேண்டியிருக்கும். தானே இயந்திரத்தில் நின்று வேலை செய்கிறவர், ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டதால் மட்டும் நுகர்வோர் அல்லாமல் போய்விட மாட்டார் என்று 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. நீங்களும் மனைவியும் பட்டறையில் உட்கார்ந்து கொலுசு பற்றவைக்கிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். காலக்கெடு இரண்டு ஆண்டு. 2024 அக்டோபரில் பிடித்த தொகைக்கு அது 2026 அக்டோபரில் முடிகிறது.

இதற்கிடையில் கோபத்தில் வட்டி கட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் நியாயத்துக்காக வீட்டையே பணயம் வைப்பார்கள். பாக்கி தொடர்ந்து 90 நாள் லிமிட்டுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அப்புறம், நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் 60 நாள் நோட்டீஸ் வரும், அடமானத்தில் இருப்பது உங்கள் வீடு. தகராறுத் தொகையையும் கட்டிவிடுங்கள். கட்டும்போது "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மனைவியின் கணக்கு எளிது. மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கு வாங்கும் கட்டணத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸ் ஆகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலேயே சொல்லி, 2015 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலில் தகவல் சொல்லி, குறையைச் சரிசெய்ய ஒரு மாதமாவது கொடுத்திருக்கவும் வேண்டும். அந்த ₹1,416ஐக் கட்டாதீர்கள். நீக்கிவிட்டுக் கணக்கை முடித்துத் தரும்படி தனிக் கடிதம் கொடுங்கள், உங்கள் கடிதத்தோடு சேர்க்க வேண்டாம்.

வேறு வங்கிக்கு மாறும் எண்ணம் இருந்தால், அடுத்த புதுப்பித்தல் தேதிக்கு முன்பே "புதுப்பிக்க விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியில் கடனை முடியுங்கள். 2026 ஜனவரி 1 முதல் அனுமதித்த அல்லது புதுப்பித்த ஓவர் டிராஃப்ட்டை இப்படி முடித்தால் முன்கூட்டி முடித்த கட்டணம் கேட்க முடியாது. பணம் முழுதும் கட்டி 30 நாளுக்குள் வீட்டுப் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ₹5,000 அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். பத்திரத்தை வாங்கியதோடு நின்றுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.