கிறிஸ்துமஸ் பிஸ்கட்: வாசகர் சந்தேகங்களும் பதில்களும்

கேள்வி: 250 கிராம் வெண்ணெய், 250 கிராம் சர்க்கரை, 2 கப் மைதா, அரை டீஸ்பூன் சமையல் சோடா. இந்த அளவில் போட்ட பட்டர் பிஸ்கட் டிரே முழுக்க உருகிப் பரவி ஒரே அடையாகிவிட்டது. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம் என்று செய்தது. எங்கே தப்பு?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: தப்பு அளவிலேயே இருக்கிறது. 2 கப் மைதா என்பது சுமார் 250 கிராம். ஆக வெண்ணெய், சர்க்கரை, மாவு மூன்றும் சம எடை. இந்தக் கணக்கு கேக்குக்குப் பொருந்தும், அதுவும் முட்டை சேர்த்தால். பட்டர் பிஸ்கட்டுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மைதா 3 பங்கு, எல்லாம் எடையில். உங்கள் 250 கிராம் வெண்ணெய்க்கு 375 கிராம் மைதாவும் 125 கிராம் சர்க்கரையும் வேண்டும். சூட்டில் சர்க்கரையும் உருகும், வெண்ணெயும் உருகும். இரண்டையும் தாங்கிப் பிடிக்க மாவு பற்றவில்லை. சோடா மேலும் பரவவிடும். இந்த வகை பிஸ்கட்டுக்குச் சோடாவே தேவையில்லை. கொஞ்சம் பொரபொரப்பு வேண்டுமென்றால் கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போதும்.

கப் கணக்கை நம்பாதீர்கள். ஒரே 240 மில்லி கப்பில் ஸ்பூனால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் மைதா 120, 125 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 145ஐத் தாண்டும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அளவு சரியாக இருந்தும் பரவினால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் அடுப்படி அதற்கு வெகுதூரத்தில் இல்லை. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேலே எண்ணெய் மினுமினுப்பு தெரியக் கூடாது. அதுதான் குழைக்கும் பதம். சர்க்கரையைப் பொடித்துச் சேருங்கள். முழுச் சர்க்கரை ஓவனுக்குள் போய்த்தான் கரையும், கரையும்போது பிஸ்கட்டை இழுத்துக்கொண்டு ஓடும். உருட்டித் தட்டியதை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சுடுங்கள். டிரேயில் நெய் தடவ வேண்டாம், பட்டர் பேப்பர் போதும். முதல் ஈடு எடுத்த சூட்டோடு அதே டிரேயில் அடுத்த ஈட்டை வைப்பதும் பரவுவதற்கு ஒரு காரணம், ஆறவிட்டு வையுங்கள்.

ஓவனை 160 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் முன்சூடு செய்ய வேண்டும். சூடு ஏறாத ஓவனில் வைத்தால் மாவு இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி ஓடிவிடும். ஓடிஜி எனப்படும் சிறு மின் ஓவனின் திருகில் காட்டும் டிகிரி பல வீடுகளில் உண்மையான சூடாக இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடும் சிறு தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள்.

எந்த மாவாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு பிஸ்கட்டைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவில் இரண்டு டேபிள்ஸ்பூன் மைதா சேர்த்துக்கொள்ளலாம். டிரே முழுக்க அடுக்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் காம்பவுண்டில் 15 வீடு. வீட்டுக்கு ஆறு பிஸ்கட் கொடுக்க வேண்டும். எவ்வளவு சாமான் வாங்கணும்? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உட்கார்ந்தால் முடியுமா?
(வாசகி, ஆவடி)

பதில்: மொத்தம் 90. ஒன்றுக்கு 15 கிராம் மாவு என்று வைத்தால் 1,350 கிராம். மேலே சொன்ன கணக்குப்படி வெண்ணெய் 450 கிராம், பொடித்த சர்க்கரை 225 கிராம், மைதா 675 கிராம். உடைவது, கருகுவது, பிள்ளைகள் கைக்குப் போவது என்று பத்து வரை கழியும். அதனால் வெண்ணெய் 500, சர்க்கரை 250, மைதா 750 என்று முழுக் கணக்காகவே போட்டுவிடுங்கள், நூறு தேறும். உப்பில்லாத வெண்ணெய் என்றால் இந்த அளவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு. கடையில் கிடைக்கும் மஞ்சள் பாக்கெட் வெண்ணெயில் உப்பு இருக்கும். அதற்குத் தனியாக உப்பு வேண்டாம்.

ஒரே நாளில் வேண்டாம் என்பது என் கருத்து. 25, 30 லிட்டர் ஓடிஜியில் ஒரு ஈட்டுக்கு 12 பிஸ்கட்தான் இடைவெளியோடு உட்காரும். ஒன்பது ஈடு, ஈட்டுக்கு 18 நிமிடம்; டிரே ஆறும் நேரத்தையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கேக், பிரியாணி வேலைக்கு நடுவே அது நடக்காது. மாவை டிசம்பர் முதல் வாரத்திலேயே பிசைந்து, இரண்டு விரல் பருமனுக்கு நீள உருளைகளாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். ஒரு மாதம் தாராளமாக இருக்கும். 22, 23ஆம் தேதி எடுத்துப் பத்து நிமிடம் வெளியில் வைத்து, அரை அங்குல வில்லைகளாக வெட்டிச் சுட வேண்டியதுதான். வெட்டும்போது ஓரம் நொறுங்கினால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. குக்கரில் சுடலாமா?
(வாசகர், திருச்சி)

பதில்: குக்கர் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் வெறுமனே காய்ந்தால் அடி வளைந்துபோகும். கனமான அலுமினிய அல்லது இரும்புக் கடாய் நல்லது. நான்ஸ்டிக் கடாயைக் காலியாகக் காய வைக்கவே கூடாது, பூச்சு கெட்டு புகைவிடும்.

கடாயில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, இறுக்கமாக மூடி, மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காய வையுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து ஐந்தாறு பிஸ்கட் வைத்து உள்ளே இறக்கித் தீயைச் சிறிதாக்குங்கள். 20லிருந்து 25 நிமிடம். மேலிருந்து சூடு இல்லாததால் மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். நிறம் வரவில்லையே என்று விட்டுவைத்தால் அடி கருகிவிடும், அதனால் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த முறைக்கு நெய் பிஸ்கட் பொருத்தமானது. வெளுத்திருந்தாலும் அழகுதான்: மைதா 125 கிராம், கடலை மாவு 25 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், உறைந்த நெய் 90 கிராம், இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை சோடா. நெய் உருகியிருந்தால் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து மணல்மணலாக உறைந்ததும் சர்க்கரையோடு சேர்த்து வெளுக்கும்வரை குழைக்க வேண்டும். பிஸ்கட்டின் மேல் விரியும் வெடிப்பு அந்தக் குழைப்பில்தான் வருகிறது.

கேள்வி: சுட்ட அன்று மொறுமொறுவென்று இருக்கிறது. இரண்டே நாளில் நமத்துப்போகிறது. டப்பாவில்தான் வைக்கிறேன்.
(வாசகி, கடலூர்)

பதில்: வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கிற மாதம் டிசம்பர். உங்கள் ஊர்க் காற்றில் கடல் ஈரமும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை அந்த ஈரத்தை இழுக்கும். சுட்டதைக் கம்பி வலையில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள், அதற்கு மேல் திறந்து வைக்காதீர்கள். இளஞ்சூட்டில் டப்பாவில் போட்டால் ஆவி உள்ளேயே வியர்த்துவிடும். மணிக்கணக்கில் வெளியே விட்டால் மழைக்காற்று நமத்துவிடும். பிஸ்கட் இருக்கும் டப்பாவில் கேக்கையோ கல்கல் என்ற கிறிஸ்துமஸ் இனிப்பையோ சேர்த்து வைக்கக் கூடாது. நமத்துப்போனதைத் தூக்கிப் போட வேண்டாம்: 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

ஒருவேளை முழுதாக வேகாமலும் இருக்கலாம். ஒன்றை நடுவில் உடைத்துப் பாருங்கள். உள்ளே ஈரக்கோடு போல நிறம் அடர்ந்து தெரிந்தால் அடுத்த ஈட்டுக்கு இன்னும் மூன்று நிமிடம் கொடுங்கள்.

கேள்வி: தூத்துக்குடி மக்ரூன் வீட்டு ஓவனில் வருமா? எனக்கு இரண்டு முறை பழுப்பாகி உள்ளே பிசுபிசுவென்று போய்விட்டது.
(வாசகி, மதுரை)

பதில்: வரும். இதை வேகவைப்பதாக நினைக்காமல் உலர்த்துவதாக நினையுங்கள். 150 டிகிரியில் வைத்திருப்பீர்கள். 110, 120க்கு மேல் போகக் கூடாது.

நான்கு முட்டை வெள்ளைக்கரு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் முந்திரி. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. முந்திரியை 100 டிகிரியில் பத்து நிமிடம் உலர்த்தி, நன்றாக ஆறிய பிறகு மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி ரவைப் பதத்துக்குப் பொடியுங்கள். சூட்டோடு அரைத்தாலும் தொடர்ந்து ஓட்டினாலும் எண்ணெய் கக்கும். அந்த எண்ணெய் வெள்ளைக்கருவின் நுரையை அமுக்கிவிடும். சர்க்கரையையும் நைசாகப் பொடித்துச் சலிக்க வேண்டும்.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு பிரித்தால் மஞ்சள் கரு உடையாது. அடிப்பதற்கு முன் அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும். பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெயோ மஞ்சள் கருவோ இருந்தால் நுரை ஏறாது. எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் விடாத பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தவிர்த்து எவர்சில்வரில் அடியுங்கள். நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அடித்து, நுரை வெளுத்ததும் சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள். கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் நெறுநெறுப்பு இருக்கக் கூடாது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் நுரை அசையக் கூடாது. பிறகு முந்திரிப் பொடியை மூன்று தவணையாகத் தூவி, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். பத்துப் பதினைந்து மடிப்போடு நிறுத்துங்கள். மேலும் கலக்கினால் தளர்ந்து கூம்பு நிற்காது.

பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை வெட்டி, டிரேயில் சுருள் கூம்புகளாகப் பிழியுங்கள். ஒன்றேகால் மணி நேரம் சுட்டு, ஓவனை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். பேப்பரிலிருந்து தானாகப் பிரிந்து வந்தால் பதம் சரி. அடியில் பாகு கசிந்திருந்தால் சர்க்கரை கரையவில்லை என்று அர்த்தம். அடை மழை நாளில் இதைத் தொடாதீர்கள், எத்தனை சரியாகச் செய்தாலும் காற்றே கெடுத்துவிடும். மிஞ்சிய மஞ்சள் கருவை பட்டர் பிஸ்கட் மாவில் 150 கிராம் மைதாவுக்கு ஒன்று என்று சேர்க்கலாம், நிறமும் கூடும்.

கேள்வி: கோதுமை மாவும் நாட்டுச்சர்க்கரையும் போட்டால்?
(வாசகி, கோவை)

பதில்: ருசியாகவே இருக்கும், ஆனால் மைதா பிஸ்கட்டின் மென்மையை எதிர்பார்க்காதீர்கள். கோதுமையின் தவிடு ஈரத்தை உறிஞ்சும், அதனால் 150 கிராம் மாவுக்கு இரண்டு டீஸ்பூன் பால் சேர்த்து, பிசைந்த மாவை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நாட்டுச்சர்க்கரையில் ஈரம் அதிகம். வெறும் வாணலியில் சிறு தீயில் உலர்த்தி, ஆறியதும் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். அது சீக்கிரம் நிறம் மாறும், எனவே 150 டிகிரி போதும். சுக்குப் பொடி ஒரு டீஸ்பூன், பட்டைத் தூள் அரை டீஸ்பூன் சேர்த்தால் இந்த மாவுக்கு நன்றாக எடுக்கும்.

வெண்ணெய் விலையைப் பார்த்து டால்டாவுக்குப் போகலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருக்கிறது, அதனால் பழைய பயம் ஓரளவு குறைந்திருக்கிறது. இருந்தாலும் பரிசாகக் கொடுக்கும் பண்டத்தில் அதைப் போட எனக்கு மனம் வராது. வாயில் மெழுகு ஒட்டும்.

கேள்வி: பிஸ்கட் மேல் போட்ட ஐசிங் காயவே இல்லை. தட்டில் அடுக்கினால் ஒட்டிக்கொள்கிறது.
(வாசகி, செங்கல்பட்டு)

பதில்: நீர்க்கக் கலக்கியிருக்கிறீர்கள். 100 கிராம் ஐசிங் சுகருக்குப் பால் மூன்று டீஸ்பூன்தான். நான்காவதைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஸ்பூனிலிருந்து விழும் கோடு பத்து விநாடி அழியாமல் நிற்க வேண்டும். முற்றிலும் ஆறிய பிஸ்கட்டில் மெல்லிசாகத் தடவி, ஃபேனுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் கசியும். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் செய்யும் ஐசிங் நன்றாகக் காயும்தான், ஆனால் அடுத்த வீட்டுக் குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடப்போவதற்கு அது வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டார் முட்டை சேர்க்க மாட்டார்கள். எதிர் வீட்டுப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது. எல்லோருக்கும் ஒரே பெட்டி கொடுக்க முடியுமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஒரே பெட்டி வேண்டுமென்றால் முட்டையும் கொட்டை வகைகளும் இல்லாத பட்டர் பிஸ்கட் மட்டும் வையுங்கள். அதை முதல் நாளே சுட்டு மூடி வைத்துவிட்டு, முந்திரி, முட்டை வேலையை மறுநாள் தொடங்குங்கள். ஒரே டிரே, ஒரே மிக்ஸி என்றால் துளி ஒட்டினாலும் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு ஆபத்துதான். வேர்க்கடலை ஆகாதவர்களில் சிலருக்கு முந்திரியும் ஆகாது, பெற்றோரிடம் நேரில் கேட்டுவிடுவதே முறை. பெட்டி மேல் ஒரு சீட்டில் என்னென்ன சேர்த்தது, எந்தத் தேதியில் சுட்டது என்று எழுதி ஒட்டுங்கள். "முட்டை இல்லை" என்பதைப் பெரிதாக எழுதினால், கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கும் நிம்மதி.

கேள்வி: அச்சு முறுக்கு அச்சைவிட்டுக் கழல மாட்டேன் என்கிறது.
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: புது அச்சா? முந்தின இரவே எண்ணெயில் ஊற வையுங்கள். ஒவ்வொரு முறையும் காயும் எண்ணெயில் அச்சைச் சுட வைத்த பிறகே மாவில் முக்க வேண்டும், அதுவும் முக்கால் உயரத்துக்குத்தான். மாவு அச்சின் மேல் விளிம்பை மூடினால் கழற்றவே முடியாது.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகளுக்கு கூரியரில் அனுப்பினால் தூளாகிப்போகிறது.
(வாசகர், சேலம்)

பதில்: மக்ரூன், அச்சு முறுக்கு இரண்டையும் அனுப்பாதீர்கள். பட்டர் பிஸ்கட்டை அரை அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் சுட்டு, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து பட்டர் பேப்பரில் சுற்றி, தகர டப்பாவில் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். இடைவெளியில் கசக்கிய பேப்பரைத் திணியுங்கள். மூடிவிட்டு டப்பாவைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது, பேப்பர் சேருங்கள். பிறகு டப்பாவை அதைவிடப் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்துச் சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்குச் செய்தித்தாளை நிரப்பி ஒட்டுங்கள். வார இறுதியில் பார்சல் குடோனில் தங்காதபடி திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள்.