பனிக்காலக் கைவேலை: வாசகர் கேள்வி – பதில்

15–8 இடைப்புள்ளி வைத்துப் போடும் கோலத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் மேலே நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்தும் போகின்றன. புள்ளிக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு மாவு பாதி இழையில் விரலிலேயே நின்றுவிடுகிறது. என்ன செய்ய? – சிதம்பரம் வாசகி

கணக்கில் தப்பில்லை, இடைவெளியில்தான் தப்பு. நடுவரிசை 15, அதற்கு மேலே 14, 13 என்று குறைந்து 8 வரை, கீழேயும் அப்படியே. மொத்தம் 169 புள்ளி. இதில் எந்த வரிசையிலும் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளையும் அவற்றுக்கு நடுவே அடுத்த வரிசையில் உள்ள புள்ளியையும் எடுத்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வர வேண்டும். அப்படி வர, வரிசைக்கு வரிசை உள்ள தூரம் புள்ளிக்குப் புள்ளி உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். புள்ளிகளுக்கு நடுவே 2 அங்குலம் விட்டால் வரிசைகளுக்கு நடுவே 1¾ அங்குலம் போதும். பலரும் இரண்டுக்கும் ஒரே அளவு விடுகிறார்கள். வரிசைக்குக் கால் அங்குலம் என்றால் பதினான்கு இடைவெளியில் மூன்றரை அங்குலம் கூடிவிடுகிறது. நட்சத்திரம் நீளாமல் என்ன செய்யும்!

சாய்வதற்குக் காரணம் வேறு. நடுவரிசையை இடது ஓரத்தில் ஆரம்பித்து வைத்துக்கொண்டே போனால், கை எட்ட எட்ட உடம்பு திரும்பும், வரிசையும் கூடவே திரும்பும். நிலைப்படியின் நடுவுக்கு நேராக எட்டாவது புள்ளியை முதலில் வையுங்கள். அதற்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. சந்தேகமாக இருந்தால் ஒரு நூலைப் படிக்கு இணையாகப் பிடித்து அதன் ஓரமாகவே வைக்கலாம். 2 அங்குல இடைவெளியில் இந்தக் கோலம் 28 அங்குல அகலமும் 24½ அங்குல உயரமும் பிடிக்கும். சுற்றிலும் காவிக்கரை கட்ட இன்னும் நாலு அங்குலம் விட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மாவு. மார்கழியில் விரலில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் அதில் அரிசி மாவு கூடிப்போயிருக்கும். அரிசி மாவு பனி ஈரத்தை இழுத்துக் கட்டிக்கொள்ளும். கல்லை இடித்த கோலப்பொடி 4 பங்கு, நன்றாகக் காய்ந்த பச்சரிசி மாவு 1 பங்கு; அதற்கு மேல் வேண்டாம். பொடியை ஒரு சிட்டிகை எடுத்து விட்டுப் பாருங்கள், மெல்லிய ரவை போலச் சரசரவென்று விழ வேண்டும். முகப்பவுடர் மாதிரி புகைந்தால் அது இழைக்கு உதவாது. சலித்த நைஸ் மணல் கொஞ்சம் கலந்தால் ஓடும். டப்பாவை இரவில் திண்ணையில் விட்டுவைக்காமல் உள்ளே வையுங்கள்.

தரையும் கவனம். தண்ணீர் தெளித்துப் பெருக்கியதும் உடனே உட்காராதீர்கள். தரையில் மினுமினுப்பு அடங்கி, மண் நிறம் மட்டும் கறுத்து நிற்கும் நேரம்தான் சரியான பதம். மினுமினுப்பு இருக்கும்போது போட்டால் பொடி ஊறி இழை மங்கும், ஒரேயடியாகக் காய்ந்தபின் போட்டால் முதல் காற்றிலேயே பறக்கும்.

கலர்ப்பொடி போடுபவர்களுக்கு ஒன்று: அதில் கனம் சேர்க்கப் பொடியுப்பு கலப்பது வழக்கம். மற்ற மாதங்களில் சரி. மார்கழிப் பனியில் உப்பு கசிந்து ஒரு நிறம் இன்னொன்றில் வழியும். இந்த மாதம் மட்டும் உப்புக்குப் பதில் மணல், ஒரு பங்கு கலருக்கு மூன்று பங்கு.

கோலத்தின் நடுவில் சாணி உருண்டையில் பரங்கிப்பூ வைக்கப் பறித்தால், கொடியில் காய் பிடிப்பதில்லை என்று வீட்டில் சண்டை. – மன்னார்குடி வாசகி

ஆண் பூவைப் பறியுங்கள், சண்டை தீரும். ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் தனியாக நிமிர்ந்து நிற்கும். பெண் பூவுக்கு அடியிலேயே குட்டிப் பரங்கிக்காய் மாதிரி ஒரு உருண்டை இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஆண் பூ எல்லாவற்றையும் மொட்டையடிக்கவும் கூடாது. மகரந்தத்துக்குக் கொடிக்கு நாலைந்தாவது விட்டுவையுங்கள். வெயில் ஏறினால் பூ சுருண்டுவிடும் என்பதால் விடியும் முன்னே பறிப்பதுதான் வழக்கம். உருண்டைக்குச் சாணி கெட்டியாக இருக்கட்டும். இளகிய சாணியில் காம்பு நிற்காது.

பச்சை மிளகை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். இரண்டு வாரத்தில் மிளகு கறுத்து, மேலே வெள்ளையாகப் படிந்துவிட்டது. எங்கே தவறினேன்? – நாமக்கல் வாசகி

இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். கறுப்பது காற்றால். கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகு வெயிலில் காய்ந்து கறுப்பு மிளகு ஆகிறதே, அதே வேலைதான் பாட்டிலுக்குள்ளும் நடக்கிறது. சாற்றுக்கு மேலே தலைநீட்டும் மிளகு முதலில் கறுக்கும். புளிப்பும் உப்பும் அதைத் தடுக்கும், ஆனால் மிளகு மூழ்கியிருந்தால்தான். வெள்ளைப் படலம் வருவது உப்புக் குறைவாலும் ஈரத்தாலும்.

அளவு இதுதான்: பச்சை மிளகு கால் கிலோ, கல் உப்பு 50 கிராம், எலுமிச்சைச் சாறு 200 மில்லி. சாறுள்ள பழமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு போதும். மிளகு வாங்கும்போது ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள். தோல் சுலபமாக உடைந்து உள்ளே வெள்ளையாக, மென்மையாக இருந்தால் இளசு. விதை கட்டியாகி நகம் வழுக்கினால் அது ஊறுகாய்க்கு முற்றல், எத்தனை நாள் ஊறினாலும் பல்லில் கடிபடும்.

சரத்தை உதிர்க்காமல் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் மூன்று நாலு மணி நேரம் ஆறவிடுங்கள். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், மணிகளின் இடுக்கில் தண்ணீர் நிற்கும். பனிக்காலத்தில் ஏமாற்றுவது இந்த இடம்தான். ஒரு சரத்தை எடுத்து உள்ளங்கையில் உதறினால் ஒரு துளிகூட விழக்கூடாது. பிறகு இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். உப்பைச் சாற்றிலேயே கரைத்து, அடியில் தங்கும் மண்ணை வடிகட்டிவிட்டு, கண்ணாடி பாட்டிலிலோ பீங்கான் ஜாடியிலோ மிளகின் மேல் ஊற்றுங்கள். மிதக்கும் துண்டுகளை அமுக்க ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கலாம். முதல் வாரம் தினமும் ஒரு குலுக்கு. பதினைந்து நாளில் காரம் அடங்கி உப்பு உள்ளே இறங்கியிருக்கும்.

மாங்காய் இஞ்சி சேர்க்க ஆசைப்பட்டால் 100 கிராம், மெல்லிய வில்லைகளாக. அதன் கணுக்களில் மண் ஒட்டியிருக்கும், அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தபிறகு தோலைச் சுரண்டுங்கள். இஞ்சி சேர்த்தால் உப்பு 20 கிராமும் சாறு 80 மில்லியும் கூட்ட வேண்டும்.

பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி பூத்துவிட்டால் மேலாக வழித்துப் பயனில்லை, முழுதையும் கொட்டிவிடுங்கள்.

ஆறு மாதப் பேரனுக்குக் குரோஷாவில் தொப்பி போடுகிறேன். வட்டம் ஒருமுறை கிண்ணமாகக் குவிகிறது, ஒருமுறை அப்பளம் மாதிரி நெளிகிறது. – குன்னூர் வாசகி

குவிந்தால் கண் (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னல்) போதவில்லை, நெளிந்தால் கண் கூடிவிட்டது. வட்டம் தட்டையாக விரிய ஒவ்வொரு சுற்றிலும் 12 கண்தான் கூட வேண்டும். 4 மி.மீ. ஊசியும் நடுத்தரப் பருமனான நூலும் எடுத்துக்கொள்ளுங்கள், 50 கிராம் உருண்டை ஒன்று தாராளம்.

நாலு சங்கிலி போட்டு வளையமாக இணைத்து, அதற்குள் 12 டபுள் குரோஷா (போடும் விதம் கீழே). இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டிரண்டு, ஆக 24. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 36. நாலாம் சுற்றில் இரண்டு கண் தனியாக, மூன்றாம் கண்ணில் இரட்டை, 48. ஐந்தாம் சுற்றில் மூன்று கண் தனியாக, நாலாம் கண்ணில் இரட்டை, 60. இந்த இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். குறுக்களவு 12 செ.மீ. இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 38 செ.மீ. அந்த வயதுக் குழந்தையின் தலையைவிடத் தொப்பி நாலைந்து செ.மீ. குறைவாக இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும். ஆனாலும் பேரன் தலையை ஒரு தரம் டேப்பால் அளந்துவிடுவது நல்லது. உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பதைப் பொறுத்து 12 செ.மீ. நாலாவது சுற்றிலேயே வந்துவிடலாம். வந்தால் அங்கேயே கூட்டுவதை நிறுத்துங்கள், எண்ணிக்கையை விட அளவுதான் முக்கியம். பிறகு கூட்டாமல் நேராக, உச்சியிலிருந்து 15 செ.மீ. வரும்வரை.

கண் கூடிப்போவது பெரும்பாலும் சுற்றின் தொடக்கத்தில். மூன்று சங்கிலி போட்டு ஏறுகிறீர்களே, அதுவே முதல் கண் கணக்கு. இரட்டை வர வேண்டாத இடத்தில் அதன் அடிக்கண்ணிலேயே மறுபடி ஒன்று போட்டால் சுற்றுக்கு ஒன்று கூடும். சுற்று முடிந்ததும் எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். புத்தகம் பார்த்துப் போடுபவர்கள் இன்னொன்றில் சறுக்குவார்கள்: அமெரிக்க முறையில் டபுள் என்பதைப் பிரிட்டன் முறையில் ட்ரெபிள் என்பார்கள். இங்கே சொல்வது அமெரிக்க டபுள், அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக் கண்ணில் நுழைத்து, இரண்டிரண்டாக இருமுறை கழற்றுவது.

கடையில் ‘உல்லன்’ என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஒரு இழையை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாசனையோடு பொடியும் சாம்பலானால் கம்பளி, உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் அக்ரிலிக். தொப்பிக்கு அக்ரிலிக்கே போதும், துவைக்கவும் சுலபம். ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் தளர்ந்து போகும். உள்பக்கம் நூல் நுனி தொங்கவிடாதீர்கள், குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்குள் தூங்க வைக்கும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

மார்கழியில் இட்லி மாவும் பொங்கவில்லை, தயிரும் உறையவில்லை. – தருமபுரி வாசகி

இரண்டுக்கும் வேண்டியது வெதுவெதுப்பு. இட்லிப் பானையில் மணிக்கட்டில் பட்டால் இதமாக இருக்கும் அளவு சூடான தண்ணீரை இரண்டு அங்குலம் ஊற்றி, அடுப்பைப் பற்றவைக்காமல், மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைத்து மூடி, பழைய போர்வையால் சுற்றுங்கள். கையால் கலக்கி வையுங்கள், கரண்டியால் வேண்டாம். எட்டு மணி நேரத்தில் பொங்குவது பன்னிரண்டு பதினான்கு ஆகும், அதற்குள் பதறி மாவைத் தோசைக்கு ஒதுக்காதீர்கள். தயிருக்கு, விரல் பொறுக்கும் சூட்டில் பால். அரை லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி உறை. உறையைக் கூட்டிக்கொண்டே போனால் தயிர் புளிக்கும், கெட்டிப்படாது. பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதும் நல்ல வழி.

டிசம்பர் பூவைக் கட்டினால் சரம் தளர்ந்து பூ ஒவ்வொன்றாக உதிர்கிறது. இறுக்கினால் காம்பே அறுந்துவிடுகிறது. – திண்டுக்கல் வாசகி

நூலை விட்டு வாழை நாருக்கு மாறுங்கள். காய்ந்த நாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் மெல்லிசாகக் கிழித்து, ஈரத்தோடே கட்ட வேண்டும். நூல் காம்பை அறுக்கும், நனைந்த நார் பட்டையாக அணைத்துப் பிடிக்கும்.

இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாரைப் பிடியுங்கள். மேலே இரண்டு பூ, கீழே இரண்டு பூ, தலைகள் எதிரெதிர்த் திசையில், காம்புகள் மட்டும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று. நாரைக் காம்புகளைச் சுற்றி ஒரு சுற்று. பிறகு விரலில் ஒரு சுருக்கு வளைத்து, அதை மேல் பூக்களின் தலை வழியாகப் போட்டு இழுங்கள். இழுப்பது நார் ஓடும் திசையில், பக்கவாட்டில். மேல்நோக்கி இழுத்தால்தான் காம்பு அறுகிறது. டிசம்பர் பூவின் குழல் நீளமானது, பூத்தலைக்கு ரொம்பக் கிட்டே கட்டினால் கழுத்து ஒடியும். கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டுங்கள். வாசனை இல்லாத பூ, ஆகவே நடுநடுவே ஒரு மரிக்கொழுந்துக் கொத்து வைத்தால் சரத்துக்கு உயிர் வரும்.

திருவாதிரைக் களியில் அரிசி ரவை நறுக்கென்று நிற்கிறது. எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகவில்லை. – பாளையங்கோட்டை வாசகி

ரவையை வெல்லப் பாகில் நேராகப் போட்டிருப்பீர்கள். வெல்லம் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ரவைக்கு விடாது. முதலில் வெறும் தண்ணீரில் வேகட்டும். பச்சரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு இரண்டு மேஜைக்கரண்டி, இரண்டையும் தனித்தனியே சிவக்க வறுத்து, அரிசியை ரவையாக உடைத்து, இரண்டரை டம்ளர் தண்ணீரில் குக்கரில் மூன்று விசில். ஒன்றரை டம்ளர் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கொதித்தபின் வெந்த ரவையைச் சேர்த்துக் கிளறுங்கள். அரை மூடித் தேங்காய்த் துருவல், ஏலம், நாலு கரண்டி நெய். கரண்டியை எடுத்தால் மொத்தமாக விழாமல் உதிரியாக விழ வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள்.

கூடவே ஏழுகறிக் கூட்டு என்றால் கிழங்கையும் மொச்சையையும் முதலில் போட்டு, பரங்கியைக் கடைசியில் போடுங்கள்.