நாடு நாடான பிறகு

அன்புள்ள ஐயா,

மதுரை திருநகரில் ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கான ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர் நான். 2020 மார்ச்சுக்கு முன்னால் மாதக் கூட்டத்துக்கு அறுபது பேராவது வருவார்கள். ஊரடங்கெல்லாம் முடிந்து எத்தனையோ நாளாயிற்று, இன்னும் பதினைந்தைத் தாண்டவில்லை. வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டால் கட்டைவிரல் மட்டும் வருகிறது. சந்தா பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. கலைத்துவிடலாம் என்கிறார் தலைவர். சங்கம் நடத்திப் பழகியவர் நீங்கள், வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

நான் நடத்திப் பழகியதைவிடக் கெடுத்துப் பழகியது அதிகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செல்லூரில் ஒரு மொட்டைமாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். நான் பொருளாளர். 2020 ஜூன் கடைசியில் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு போட்டார்களே, அப்போது நான் செய்த ஒரே சங்க வேலை, பாக்கி வைத்தவர்களுக்கு மெசேஜ் அனுப்பியது. கணக்கை முடிக்க வேண்டுமே என்ற பதற்றம்.

2022இல் அழகர் மறுபடி ஜனங்களுக்கு நடுவே ஆற்றில் இறங்கினார். சரி, இனி நாமும் கூடலாம் என்று கூட்டம் போட்டோம். ஆறு பேர் வந்தோம். வராதவர்களில் ஒருவரைத் தேடி வீட்டுக்குப் போனேன். துண்டு நெய்கிறவர். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்காரச் சொன்னார், டீ வந்தது. பேச்சுக்கு நடுவே செல்போனை எடுத்து என் மெசேஜைக் காட்டினார். மூன்று மாதச் சந்தா, 150 ரூபாய் நிலுவை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. "நீங்க கேட்டது சரிதான் தம்பி. ஆனா அந்த வாரம் சங்கத்துலேர்ந்து எனக்கு வந்தது இது ஒண்ணுதான்" என்றார். சட்டைப் பையிலிருந்து 150 ரூபாயை எடுத்து நீட்டி ரசீதும் கேட்டார். கை நடுங்க எழுதிக் கொடுத்தேன்.

இறையனார் களவியல் உரை என்ற பழைய இலக்கண உரையில் ஒரு கதை வரும். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷம் பஞ்சம். என்னால் உங்களைக் காப்பாற்ற முடியவில்லை, பிழைக்கிற இடம் போங்கள், நாடு நாடான பிறகு என்னை நினைத்து வாருங்கள் என்று புலவர்களை அனுப்பிவிடுகிறான் அரசன். அப்புறம் மழை பெய்கிறது, நாடு நாடாகிறது. அவன் சும்மா காத்திருக்கவில்லை, நாலா பக்கமும் ஆள் விட்டுத் தேடச் சொல்கிறான். அப்போதும் எழுத்து, சொல், யாப்பு தெரிந்தவர்கள்தான் கிடைத்தார்கள். வாழ்க்கையைப் பற்றிப் பேசும் இலக்கணமான பொருளதிகாரம் தெரிந்த ஒருவர்கூட அகப்படவில்லை. வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இதைச் சொன்னவருக்குச் சங்கம் நடத்துகிற கஷ்டம் தெரிந்திருக்கிறது. அரசனுக்கே ஆள் விட வேண்டியிருந்தது, நீங்களும் நானும் வாட்ஸ்அப்பை விடுகிறோம்.

ஆகவே பதிவேட்டை எடுத்து, தெருத் தெருவாகப் பிரித்துக்கொண்டு, இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போங்கள். சந்தாப் பேச்சையே எடுக்க வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். சில வீடுகளில் உறுப்பினரே இருக்க மாட்டார், அவருடைய மனைவி இருப்பார். உங்கள் துணைவிதி குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவரை உறுப்பினராகச் சேர்க்கிறதா? பல சங்கங்களில் சேர்ப்பதில்லை. காகிதத்துக்கும் கையெழுத்துக்கும் அதிகமாக அலைகிறவர் அந்த அம்மாதான். விதியைத் திருத்தப் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்ய அங்கேயே இன்னொரு தீர்மானம்.

கூட்டம் மாடியிலா, சாயங்காலமா நடக்கிறது? உங்கள் உறுப்பினர்களுக்கும் வயது ஏறியிருக்கும். கீழ்த்தளத்தில், காலை பத்து மணிக்கு வைத்துப் பாருங்கள். வந்தவர்கள் கையில் ஒரு பலனோடு திரும்ப வேண்டும். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் மின்னணு உயிர்ச்சான்றையே, ஜீவன் பிரமாண் என்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல் ரேகை தேய்ந்தவர்கள் அந்தக் கருவியோடு படும் பாடு உங்களுக்குத் தெரியும். 2021 நவம்பரிலிருந்து செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் எடுக்கலாம். செல்போன் பழகிய இரண்டு பேரை ஒரு மேஜையில் உட்கார வைத்தால் போதும். அன்றைக்குத் தலைமையுரை வேண்டாம். மற்ற நாளிலும் குறைக்கலாம்.

கலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதிவு பெற்ற சங்கமென்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டிக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். அதில் விடுபட்டது இருந்தால் முதலில் சரிசெய்யுங்கள்.

எத்தனை வீடு ஏறினாலும் சிலர் வரமாட்டார்கள். எங்கள் வட்டத்தில் டீ வாங்கி வருகிறவர் ஒருவர் இருந்தார். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அவர் போன பிறகுதான் எங்கள் பொருளதிகாரம் அவர் என்று புரிந்தது. இப்போது மாதம் இரண்டு பேர் முறைவைத்துக்கொண்டு வராதவர்களுக்குப் போன் பேசுகிறோம். அவர் அளவுக்கு வரவில்லை. ஆறு பேர் இருபத்திரண்டு ஆகியிருக்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருநகர் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் இருப்பீர்களென்றால் சொல்லுங்கள், முதல் இரண்டு வீட்டுக்கு நானும் வருகிறேன். ரசீதுப் புத்தகத்தை மட்டும் எடுத்து வர வேண்டாம்.