புதுக் காரை முதல் 1000 கிலோமீட்டர் எப்படி ஓட்ட வேண்டும்?

"முதல் 1000 கிலோமீட்டர் வரைக்கும் 60-ஐத் தாண்டாதே என்கிறார்களே, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. ஸ்பீடோமீட்டரைவிட, என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஐந்தாவது கியரில் 35-ல் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி திணறித் திணறி வேகம் எடுக்குமே, மூன்றாவது கியரில் 60-ல் போவதைவிட அதுதான் புது என்ஜினுக்குக் கெடுதல்.

ஏனென்றால் புது சிலிண்டரின் உள்சுவர் முழு வழவழப்பாக இருக்காது. ஆயில் தங்குவதற்காக அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் அந்தச் சுவரில் உரசி, மேடுகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார வேண்டும். ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது பெரும்பாலும் எரியும் வாயுவின் அழுத்தம்தான், அதனால் பயந்து பயந்து பூப்போலவே ஓட்டினால் ரிங் சரியாக உட்காராமல் சுவர் பளபளவென்று ஆகிவிடலாம், அப்புறம் என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். முழுசாக மிதித்தாலோ உரசல் சூடு அதிகமாகி வேறு சேதம் வரும். இன்றைய என்ஜின்கள் நுணுக்கமாகக் கடையப்பட்டு வருவதால் பழைய வண்டிகள் அளவுக்குக் கவலை வேண்டாம், ஆனாலும் இந்தப் பொறுமை வீண் போகாது.

நான் பெட்ரோல் வண்டியை 3500 ஆர்.பி.எம்.முக்குள்ளும் டீசலை 2500-க்குள்ளும் வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கியரை மாற்றி மாற்றி ஓட்டுவேன். நீண்ட சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவதுதான் இந்தச் சமயத்தில் செய்யக் கூடாதது, க்ரூஸ் கண்ட்ரோலை மறந்துவிடுங்கள். கிளப்பியவுடன் நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்குவதும் வேண்டாம். அரை நிமிஷத்தில் கிளம்பி, சூடு ஏறும் வரை மெதுவாகப் போனால் போதும். உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் என் கணக்கை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

என்ஜினையே நினைத்துக்கொண்டு பிரேக்கையும் டயரையும் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. புது பிரேக் பேட் டிஸ்க்கோடு முழுசாகப் பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை வண்டி நிற்க எடுக்கும் தூரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். புது டயரின் மேல்பரப்பும் கொஞ்சம் தேய்ந்த பிறகுதான் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், ஈரமான ரோட்டில் இது நன்றாகவே தெரியும். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். மின்சாரக் கார் எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, முதல் ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே மாற்றச் சொல்வார்கள். சில நிறுவனங்கள் தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டாம் என்றே சொல்கின்றன, அதனால் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஆனால் வாரம் ஒருமுறை, காலையில் கிளப்புவதற்கு முன், சமதளத்தில் வைத்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) எடுத்து அளவு பாருங்கள், ஆரம்பத்தில் ஆயில் கொஞ்சம் குறைவது சகஜம்.