பட்டமும் கொடுத்து, தூக்கிலும் போட்டார்கள்

கேள்வி: ‘சர்’ பட்டம் கொடுத்த பிரிட்டிஷ் அரசே ஒரு தூதரைத் தூக்கில் போட்டதாமே, உண்மையா? – வாசகர், கும்பகோணம்

உண்மைதான். ரோஜர் கேஸ்மென்ட், 1864-ல் டப்ளின் பக்கத்தில் பிறந்த ஐரிஷ்காரர். பெரிய தூதர் எல்லாம் இல்லை, கான்சல். ஏதாவது ஒரு துறைமுக ஊரில் உட்கார்ந்துகொண்டு தன் நாட்டு வியாபாரிகள், மாலுமிகள் வழக்கைப் பார்த்து, லண்டனுக்கு அறிக்கை எழுதுகிற வேலை. ஆனால் இவர் எழுதிய அறிக்கை ஒரு ராஜாவையே ஆட்டிவிட்டது.

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோவைத் தன் சொந்த எஸ்டேட்டாக வைத்திருந்த காலம் அது. ஊர்மக்கள் சேகரித்துத் தரவேண்டிய ரப்பர் குறைந்தால் ஊருக்குள் சிப்பாய்கள் புகுந்து சுடுவார்கள், தோட்டாவை வீணாக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக வெட்டிய கைகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 1903-ல் விசாரிக்கக் கிளம்பிய கேஸ்மென்ட், அங்குள்ள அரசின் படகில் போனால் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று மிஷனரிகளின் நீராவிப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆற்றில் மேலே போனார். 1887-ல் அவரே பார்த்திருந்த, ஜனம் நிறைந்த கரையோர ஊர்கள் பாதி காலியாகக் கிடந்தன. 1904-ல் அறிக்கை வந்தது. ஊர், ஆள் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டு அச்சிட்டதில் அவருக்கு ஏகக் கோபம். ஆனாலும் 1908-ல் காங்கோ லியோபோல்டின் கையைவிட்டுப் போனது.

அப்புறம் 1910-ல் அமேசான் காட்டில் புட்டுமாயோ என்ற பகுதியில் விசாரணை. அங்கும் ரப்பர்தான், அங்கும் சவுக்குதான். பழங்குடியினரின் உடம்பில் இருந்த தழும்புக்கு, கம்பெனி முதலாளி பெயரில் ‘அரானா முத்திரை’ என்றே பெயர். கம்பெனி லண்டனில் பதிவானது, கங்காணிகளில் சிலர் பார்படோஸ்காரர்கள், அதாவது பிரிட்டிஷ் பிரஜைகள். அதனால்தான் பிரிட்டன் அதில் தலையிட முடிந்தது. இதற்கெல்லாம் சேர்த்து 1911-ல் ‘சர்’.

கேள்வி: பிறகு ஏன் தூக்கு? – அதே வாசகர்

1913-ல் வேலையை விட்டவர் அயர்லாந்து விடுதலையில் இறங்கினார். உலகப்போர் வந்ததும் ஜெர்மனிக்கே போய், அங்கே கைதிகளாக இருந்த ஐரிஷ் சிப்பாய்களைத் திரட்டிப் படை அமைக்கப் பார்த்தார். ஐம்பது சொச்சம் பேர்தான் சேர்ந்தார்கள். 1916 ஏப்ரலில் ஜெர்மன் நீர்மூழ்கி அவரை அயர்லாந்தின் கெர்ரி கடற்கரைப் பக்கம் சின்னப் படகில் இறக்கிவிட, அலையில் படகு கவிழ்ந்து, நனைந்துபோய்க் கரையேறியவர் அன்றைக்கே பிடிபட்டார். வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் உதவி போதாது, பிரிட்டனுக்கு எதிராக அயர்லாந்தில் நடத்தவிருந்த எழுச்சியை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார்!

1351-ஆம் வருடச் சட்டத்தில் ராஜதுரோக வழக்கு. வெளிநாட்டில் செய்தது இந்தச் சட்டத்தில் வராது என்று, அதன் வாசகத்தில் ஒரு காற்புள்ளியை வைத்துக்கூட வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. ஆகஸ்ட் 3, பென்டன்வில் சிறையில் தூக்கு. பட்டத்தை அதற்கு முன்பே பிடுங்கிவிட்டார்கள்.

கேள்வி: அவருடைய ‘கறுப்பு டைரி’ போலி என்கிறார்களே? – வாசகி, மதுரை

அவர் எழுதியதாகச் சொல்லப்படும் அந்தரங்க டைரி அது. 2002-ல் நடந்த கையெழுத்துப் பரிசோதனை அவருடையதுதான் என்றது. ஏற்காதவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், யார் எழுதியது என்பதைவிட அதை என்ன செய்தார்கள் என்பதுதான் கேவலம். கருணை மனுவுக்கு, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் மாதிரி ஆட்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் ஆண்களோடு வைத்திருந்த உறவைப் பற்றிய பக்கங்களை அமெரிக்கத் தூதர் வரைக்கும் காட்டி, ஆதரவுக்கு வந்தவர்களின் வாயை அடைத்தார்கள். கொலைகாரக் கங்காணிகளைக் காட்டிக்கொடுத்த மனிதனுக்கு அவர் வேலை பார்த்த அரசே செய்த மரியாதை அது.

எலும்புகளை 1965-ல்தான் அயர்லாந்துக்குக் கொடுத்தார்கள், அதுவும் அவர் கேட்டிருந்த வடக்கு அயர்லாந்து மண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு.