அப்பா அண்ணனுக்கு எழுதிவைத்தால் மகளுக்குப் பங்கு இல்லையா?

இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மா முன்பே தவறிவிட்டார். போன வருஷம் அப்பாவும் காலமானார். இரண்டு அண்ணன்கள், இவர் கடைசி. சொத்து என்று இருப்பது ஒரு வீடும் அதை ஒட்டிக் கொஞ்சம் நிலமும். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது. கருமாதி முடிந்த கையோடு பெரியண்ணன் ஒரு தாளைக் காட்டியிருக்கிறார். வீடும் நிலமும் மூத்த மகனுக்கு என்று அப்பா ஆங்கிலத்தில் கைப்பட எழுதியது. "இது இங்கிலீஷ் சட்டம் நடக்கிற நாடு. கோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷ், கடைசி அப்பீலும் லண்டனுக்குத்தான் போகிறது. சொத்துக்காரர் யாருக்கு எழுதினாலும் செல்லும். உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே" என்கிறாராம். சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவர் இந்து வாரிசுச் சட்டத்தைப் பார்க்கச் சொல்கிறார். "நமக்கு எந்தச் சட்டம்? அரசியலமைப்பைக் காட்டிப் போராட முடியுமா?" இதுதான் அவர் கேள்வி.

சகோதரி, உங்களுக்குப் பங்கு உண்டு. அந்தத் தாள் செல்லத்தக்கதாகவே இருந்தாலும் உண்டு. உங்கள் அண்ணன் கோர்ட்டைப் பற்றிச் சொன்னது சரி, சட்டத்தைப் பற்றிச் சொன்னது தவறு. மொரீஷியஸில் இந்த இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. படித்தவர்களே இதில் குழம்புவதை நோட்டரி அலுவலகத்தில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

1810 நவம்பர் கடைசியில் ஆங்கிலேயப் படை கப் மாலெரே கரையில் இறங்கியது. பிரெஞ்சு ஆளுநர் டெக்கான் டிசம்பர் 3 அன்று சரணடைந்தார். அந்தச் சரணாகதி ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவு, தீவில் குடியிருப்பவர்கள் தங்கள் மதத்தையும் சட்டங்களையும் வழக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் டெக்கானின் ஆட்சியில் நெப்போலியனின் கோட் சிவில் என்ற பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பு இங்கே நடைமுறைக்கு வந்திருந்தது. தீவு கைமாறியது, கொடி மாறியது, அந்தச் சட்டப் புத்தகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வாக்குறுதி நமக்காகக் கொடுக்கப்பட்டதல்ல. நிலமும் அடிமைகளும் வைத்திருந்த முதலாளிகளைச் சமாதானப்படுத்தக் கொடுத்தது. அடிமைமுறை ஒழிந்ததே 1835இல்தான். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாகப் போர்ட் லூயியில் வந்து இறங்கினார்கள். பாண்டிச்சேரிப் பக்கத்துக் கொல்லரும் தச்சரும் அதற்கும் முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே வந்திருந்தார்கள். இவர்கள் யாரையும் மனத்தில் வைத்து அந்த 8ஆவது பிரிவை எழுதவில்லை. ஆனாலும் இன்று உங்கள் பங்கைக் காப்பாற்றி நிற்பது அதுதான்.

காரணம் இதுதான். கோட் சிவில் எழுதப்பட்ட நாளிலிருந்தே, பெற்றவர்களின் சொத்து பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடோ மூத்தவர் இளையவர் வேறுபாடோ இல்லாமல் போக வேண்டும் என்கிறது. அதோடு, பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கிறது. 'ரெசேர்வ்' என்று நோட்டரிகள் சொல்வது இதைத்தான். அதில் தகப்பனே கை வைக்க முடியாது. இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கு என்ற வழக்கம் 1925 வரை இருந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லாமல் எல்லாவற்றையும் ஊராருக்கு எழுதிவைத்தாலும் கோர்ட்டால் தலையிட முடியாத நிலை 1938 வரை. ஆங்கிலேயர் 1810இல் தங்கள் வாரிசுச் சட்டத்தை இங்கே கொண்டுவந்திருந்தால் உங்கள் பாட்டி காலத்துப் பெண்கள் எங்கே நின்றிருப்பார்கள் என்று நான் பல முறை நினைத்ததுண்டு.

இப்படிச் சொல்வதால் நெப்போலியன் பெண்களுக்கு நண்பர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே புத்தகம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் சொன்னது. மகளாகப் பங்கு வாங்கியவள் மனைவியானதும் அதைத் தன் இஷ்டப்படி ஆள முடியாது. இங்கே அதையெல்லாம் திருத்தி எழுதியது சுதந்திரத்துக்கும் பிறகு, 1980களின் தொடக்கத்தில்.

சரி, ஆங்கிலேயர் என்னதான் கொண்டுவந்தார்கள்? கோர்ட்டின் அமைப்பு, விசாரணை முறை, சாட்சிய விதிகள், எல்லாவற்றுக்கும் மேலாக அரசியலமைப்பு. 1847இலிருந்து மேல் கோர்ட்டுகளின் மொழி ஆங்கிலம். அதனால்தான் நம் நீதிபதிகள் கோட் சிவிலின் பிரெஞ்சு வாசகத்தை எடுத்துப் படித்து, பாரிஸ் தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்து, முடிவை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரம். நமக்கு அன்றாடம்.

லண்டனில் இருக்கும் நம் கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சிலைக் காட்டி அண்ணன் பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். அரசியலமைப்பின் 81ஆவது பிரிவுப்படி, பத்தாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சிவில் வழக்கில் இறுதித் தீர்ப்பை எதிர்த்து அங்கே போக உரிமை இருப்பது உண்மை. 1968இல் அது பெரிய தொகை, இன்று ஒரு வீட்டு வழக்கு தாராளமாக அதைத் தாண்டிவிடும். ஆனால் லண்டனில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிகளும் இந்த வழக்கில் பார்க்க வேண்டியது மொரீஷியஸ் கோட் சிவிலைத்தான். வக்கீல் செலவு கூடுமே தவிர சட்டம் மாறாது.

இப்போது அரசியலமைப்பு. 1968 மார்ச் 12 அன்று அமலுக்கு வந்தது. லண்டனில் ராணியின் பெயரால் பிறந்த ஓர் ஆணையின் இணைப்பாகத்தான் வந்தது. 1992இல் நாம் குடியரசான பிறகும் அதன் சட்டகம் அதேதான். அடிப்படை உரிமைகள் அதில் உண்டு, பாகுபாட்டைத் தடுக்கும் 16ஆவது பிரிவும் உண்டு. ஆனால் அதை உங்கள் முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம் என்பேன். ஒன்று, அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவது சட்டங்களையும் அரசாங்க வேலையில் இருப்பவர்களையும். ஒரு தகப்பன் எழுதும் உயிலை அல்ல. இன்னொன்று, திருமணம், தத்து, இறந்தவரின் சொத்து போன்ற விஷயங்களில் ஒரு சமூகத்துக்குத் தனிச் சட்டம் இருந்தால் அதற்கு அந்தப் பிரிவே விலக்குத் தருகிறது. எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. எந்தெந்தக் காரணத்தால் பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் இனமும் சாதியும் நிறமும் 1968இலேயே இருந்தன. ஆண் பெண் என்பது 1995இல்தான் சேர்ந்தது. ஆக, இந்த ஒரு விஷயத்தில் மகளின் பங்கைப் பொறுத்தவரை உரிமைகளைப் பேசும் அரசியலமைப்பைவிடத் தோட்ட முதலாளிகளின் பழைய சட்டப் புத்தகம் முந்திக்கொண்டது.

சென்னை உறவினர் சொன்னதற்கு ஒரே வரியில் பதில்: இந்திய இந்து வாரிசுச் சட்டம் இங்கே உள்ள உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 1990இல் இஸ்லாமியர்கள் தங்கள் தனிச் சட்டத்தைக் கேட்டுப் போன வழக்கில், அப்படித் தனிச் சட்டம் தர வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை என்று மொரீஷியஸ் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தேர்தல் ஒதுக்கீட்டுக்காக அரசியலமைப்பின் அட்டவணை மக்களைச் சமூகங்களாகப் பிரித்திருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதற்கும் சொத்துக்கும் சம்பந்தமில்லை.

கணக்குக்கு வருவோம். ஒரே பிள்ளை என்றால் தகப்பன் தன் விருப்பப்படி எழுதக்கூடியது பாதி. இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் ஒன்று. மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் ஒன்று மட்டும். நீங்கள் மூன்று பேர். உங்கள் அப்பா கால் பாகத்தைத்தான் பெரியண்ணனுக்குக் கூடுதலாகத் தந்திருக்க முடியும். மீதி முக்கால் பாகம் உங்கள் மூவருக்கும் சமம், ஆளுக்குக் கால். அப்பா எழுதியதை முழுக்க மதித்தால்கூடப் பெரியண்ணனுக்கு மிஞ்சிப் போனால் பாதி. உங்களுக்குக் கால் பாகத்துக்குக் குறையாது, சின்னண்ணனுக்கும் அப்படியே. சின்னண்ணனிடம் இதை முதலில் சொல்லுங்கள். உங்கள் நிலைதான் அவருக்கும். (இது தாத்தா வழி வீடு என்பதால் கணக்கு எளிது. அப்பா கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய சொத்தாக இருந்து, தனிச் சொத்து ஒப்பந்தமும் இல்லாமல் இருந்தால், அம்மாவின் பாதியை முதலில் பிரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.)

நகை விஷயம். பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கும்போது கொடுத்ததைப் பங்கு பிரிக்கும்போது கணக்கில் கொண்டுவர வேண்டும் என்பது பொது விதி. ஆனால் கல்யாணச் செலவும் வழக்கமான கல்யாணச் சீரும் அதில் சேராது. சக்திக்கு மீறி ஒரு மனையையே எழுதித் தந்திருந்தால் பேச்சு வேறு.

அந்தத் தாளையும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். கைப்பட எழுதிய உயில் செல்ல வேண்டுமென்றால் மூன்று வேண்டும்: முழுவதும் அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும், தேதி வேண்டும், கையொப்பம் வேண்டும். தட்டச்சு செய்து கீழே கையொப்பம் மட்டும் போட்டது செல்லாது. ஆங்கிலத்தில் எழுதியது குற்றமல்ல, தமிழில் எழுதியிருந்தாலும் செல்லும்.

முதலில் நோட்டரியிடம் போங்கள், கோர்ட்டுக்கு அல்ல. இங்கே நோட்டரி வேறு, அட்டர்னி வேறு, பாரிஸ்டர் வேறு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவது நோட்டரி. பேசி முடியாவிட்டால் அட்டர்னி மூலம் வழக்கு. உயில் வரம்பை மீறிய அளவுக்கு அதைக் குறைக்கச் சொல்லலாம், பங்கைப் பிரித்துத் தரவும் கேட்கலாம். கூட்டுச் சொத்திலேயே காலம் முழுக்க இருந்தாக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டை வெட்டிப் பிரிக்க வழியில்லை என்றால் ஏலம் வரை போகலாம். அதற்கு முன்னால் அண்ணனே உங்கள் பங்குக்குப் பணம் தந்து முடிப்பது எல்லோருக்கும் நல்லது. அதுவரை அவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையொப்பம் போடாதீர்கள். அது உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக இருக்கலாம். அப்பாவுக்குக் கடன் இருந்ததா என்றும் விசாரியுங்கள். இருந்தால், கிடைக்கும் சொத்தின் அளவுக்கு மட்டும் கடனை ஏற்கும்படி பட்டியல் போட்டு வாரிசுரிமையை ஏற்க வழி உண்டு. இதை நோட்டரியிடம் முதல் நாளே கேளுங்கள்.

நோட்டரியைப் பார்க்கும் முன் ஒரு வேலை. தாத்தா, அப்பா, உங்கள் மூவர் என எல்லோருடைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரத்தையும் மேஜையில் பரப்பிப் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம் பெயர்களை அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே முத்துசாமி மூன்று தாளில் மூன்று விதமாக இருப்பார். அப்படி இருந்தால், பங்கைப் பற்றிப் பேசும் முன்பு அதைத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். மிகப் பழைய பெயரில் சிக்கல் என்றால் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்றப் பதிவேடுகளில் தேடலாம்.