போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்கள் எல்லோருமே அதைச் சட்டபூர்வமாக்கத்தான் கேட்பார்களா?

இல்லை. கேள்வியின் தொனியைப் பார்த்தால் வீட்டிலோ நட்பிலோ யாரோடோ வாக்குவாதம் நடந்திருக்கும் போலிருக்கிறது. அப்படியானால் அவர் எதைப் பயன்படுத்துகிறார் என்று முதலில் கேளுங்கள், பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கும். (யாரையும் பயன்படுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. திட்ட வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.)

பாதிச் சண்டை இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. குற்றநீக்கம் என்றால் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருந்தால் ஜெயில் இல்லை, விற்பவனுக்கு உண்டு. சட்டபூர்வமாக்குவது என்றால் உரிமம், வரி, லேபிள் எல்லாம் போட்டு விற்பது. போர்ச்சுகலில் 2001 முதல் இருப்பது முன்னது. 10 நாள் தேவை என்று ஒரு கணக்கு: கஞ்சா 25 கிராம், ஹெராயின் 1 கிராம், கொக்கைன் 2 கிராம். அதற்குள் பிடிபட்டால் கோர்ட்டு கிடையாது, ஒரு குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். சரக்கு பறிமுதல்தான்.

ஹெராயின் அல்லது ஃபென்டனில் (ஹெராயினைவிட வீரியம் கூடிய செயற்கைப் பொருள்) பழக்கம் உள்ளவர்களிடம் பேசினால் சண்டை இந்த கிராம் கணக்கில்தான் வரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023 ஜனவரி 31-இல் மூன்றாண்டுக் குற்றநீக்கச் சோதனையைத் தொடங்கியபோது 4.5 கிராம் கேட்டது. மத்திய அரசு கொடுத்தது 2.5. அதுவும் எல்லாப் பொருளையும் சேர்த்து. உடம்புக்குப் பழகிப்போனவருக்கு அது ஒன்றிரண்டு நாளுக்குக்கூடத் தாங்காது. மொத்தமாக வாங்கினால் குற்றவாளி, சில்லறையாக வாங்கினால் விற்பவனிடம் அடிக்கடி போக வேண்டும். போகும் ஒவ்வொரு முறையும் வேறு பொட்டலம், வேறு வீரியம். தராசுக்குக் கலப்பட மாவும் சரக்குதான்.

இன்னொன்று, கைது நின்றாலும் பொட்டலத்துக்குள் இருப்பது மாறாது. ஃபென்டனிலைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைப் பட்டை, அது கலந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. நைட்டசீன் என்ற இன்னொரு வீரியமான செயற்கை வகையை அது காட்டவே காட்டாது. அளவு மீறியவருக்குக் கொடுக்கும் முறிமருந்தான நலாக்ஸோன், ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் போன்றவை) மயக்கத்தைத்தான் எடுக்கும். விலங்குகளுக்கான மயக்க மருந்தான சைலசீன் கலந்திருந்தால் அந்த மயக்கம் அப்படியே இருக்கும். அதனால்தான் இவர்களில் பலர் குற்றநீக்கத்தைப் பாதிக் கிணறு என்கிறார்கள். மருந்துத் தரத்தில், அளவு தெரிந்து, மருத்துவர் மூலம் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. கடை திறக்கச் சொல்லவில்லை.

கஞ்சாக்காரர்களின் குறை வேறு. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வெளியில் 30 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிராமுக்கு 1 டாலர் அல்லது 10 சதவீதம், எது அதிகமோ அது கலால் வரி. வீட்டில் நாலு செடி வளர்த்துப் பழகியவருக்கு இது பெரிய நிறுவனங்களுக்குப் போட்ட சட்டமாகத் தெரிகிறது. வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனையும் போகவில்லை. அது போதையை அளப்பதில்லை, கழிவை அளக்கிறது; தினமும் புகைத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் காட்டலாம். சட்டப்படி வாங்கியும் வேலை போகும். ஜெர்மனி 2024-இல் வண்டி ஓட்டுவோருக்கு ரத்தச் சீரத்தில் மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராம் THC (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்று வரம்பு வைத்தது, அது கொஞ்சம் நியாயம்.

பழக்கத்தை விட்டவர்கள், விட முயல்கிறவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். வழக்குப் பதிவு இருந்தால் வீடு, வேலை கிடைக்காது என்று ஒரு சாரார். தெருமுனையில் கிடைத்தால் தாங்க மாட்டேன் என்று இன்னொரு சாரார். இரண்டாமவர்களைத் துரோகி என்று திட்டுவது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் புற்றுநோய் வலியில் துடிக்கிறவருக்கு மார்ஃபின் மாத்திரை எழுதவே மருத்துவர்கள் பயப்படுகிறார்கள். பாயும் படுக்கையுமாகக் கிடப்பவரிடம் அடிமையாகிவிடுவீர்கள் என்று சொல்வது என்ன வைத்தியம்?

குற்றநீக்கம் செய்துவிட்டுப் பின்வாங்கிய அமெரிக்க மாநிலம் ஓரிகனைக் காட்டி என்னை மடக்க வருவீர்கள், தெரியும். 2021 பிப்ரவரியில் அங்கே கைதுக்குப் பதில் 100 டாலர் அபராதச் சீட்டு வந்தது; உதவி எண்ணுக்குப் போன் செய்து உடல்நலப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் அதுவும் ரத்து. மிகச் சிலரே கூப்பிட்டார்கள். கட்டாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, அப்புறம் யார் கூப்பிடுவார்? சிகிச்சைக்கான பணமும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. 2024 செப்டம்பரில் வைத்திருப்பதை மறுபடி குற்றமாக்கினார்கள். சீட்டை முதலில் அச்சடித்துவிட்டுச் சிகிச்சைப் படுக்கையைப் பிறகு தேடினார்கள். போர்ச்சுகல் இரண்டையும் சேர்த்தே செய்தது.